பதினாலு மாடியும் ஒரு மலையும்

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளைப் படியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையை விட்டு வெளியே வந்து பல வருடமாகிறது. பதினாலு மாடி, மாடிக்குப் பதினெட்டுப் படி. இருபத்திரண்டு வருடமாக அத்தனையையும் பெருக்கித் துடைப்பவள் அவள். வயது ஐம்பத்தொன்பது. ஆள் குட்டை, குரல் நெட்டை.

அதற்கு முன்னால் பதினைந்து வருடம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் அட்டைப் பெட்டி ஒட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் கொஞ்சம் சீக்கிரமாகவே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டு. "என் வீட்டுக்காரர் சாவி போடுறவர்தான். ஊர்ல இருக்கிற பூட்டெல்லாம் திறப்பாரு. அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் அவர்கிட்ட சாவி இல்ல" என்று அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாள் என்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வாளியும் மாப்புமாக லிஃப்டுக்குள் நுழைந்தாள். உள்ளே கண்ணுக்கு நேரே ஒரு பலகை: 'வாளி, துடைப்பத்துடன் லிஃப்டில் ஏறக் கூடாது.' தரை ஈரமாகிறதாம். சரி, உங்கள் லிஃப்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளியே வந்து படியில் ஏறினாள். அன்றிலிருந்து காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் நடந்தேதான் ஏறுகிறாள். காலையில் மொட்டை மாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, நாலு மாடிக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றி, மேலிருந்து கீழே துடைத்துக்கொண்டே வருவாள். சாயங்காலம் வெறும் பெருக்கல்தான்.

படிகளை அவள் அறிந்த அளவுக்குத் தன் உள்ளங்கை ரேகையைக்கூட அறியமாட்டாள். ஐந்தாவது மாடியின் மூன்றாம் படியில் முனை பெயர்ந்திருக்கும். எட்டாவது மாடிக் கைப்பிடியில் எப்போதும் யாரோ ஜாம் தடவிவிட்டுப் போயிருப்பார்கள். பன்னிரண்டாவது மாடியில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் செருப்புகள் தனித்தனி மூலையில் கிடக்கும், சமாதானம் ஆனால் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். இலையுதிர் காலத்தில் தரைத்தளத்துப் படிகளில் காய்ந்த இலை வந்து குவியும். அதைத் திட்டிக்கொண்டே அள்ளுவாள். அந்தத் திட்டு கேட்கவில்லை என்றால்தான் முதல் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தப் படிகளுக்குத்தான் இந்த வருடம் ஆபத்து வந்தது. கெட்ட எண்ணத்தில் வந்திருந்தால் அவள் ஒரு கை பார்த்திருப்பாள். வந்ததோ இரக்கத்தின் பேரில்.

ஒன்பதாவது மாடியில் ஒரு பல் டாக்டர் குடியிருந்தார். அவர் மனைவி ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது, படியம்மா படியில் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பாவம், மூச்சு வாங்குகிறது என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டார். மறுநாளும் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு போட்டோ எடுத்து, கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரே மணி நேரத்தில் அழுகிற முகப் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. 'இந்த வயதில் இப்படி வேலை வாங்குகிறோமே, நாம் மனிதர்களா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் வீட்டுக் குப்பைப் பையில் இருந்து ஒழுகும் தண்ணீரைத்தான் படியம்மா தினமும் துடைக்கிறாள்.

அந்த வாரமே குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். எழுபத்தொரு வயது. பாலம் கட்டும் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் அவருடைய பலம். அவரோடு சண்டை போடுவது தலையணையைக் குத்துவது மாதிரி.

"உக்காருங்கம்மா" என்றார் முதலில். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் அவளுக்கு நாற்காலி காட்டியது அதுதான் முதல் தடவை. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"படியைத் துடைக்க ஒரு கம்பெனி மெஷினோட வருது. நீங்க இனிமே கேட் பக்கத்துல இருக்கிற அறையில உக்காந்து, வர்றவங்க போறவங்க பேரை எழுதினா போதும். ஃபேன் இருக்கு. சம்பளம் அப்படியேதான்."

"எதுக்கு சார்?"

"உங்க நல்லதுக்குத்தாம்மா. இனிமே போய் நீங்க படி ஏறணும்னு என்ன தலையெழுத்து?"

"எனக்கு முடியலன்னு யாரு சொன்னது?"

"எல்லாருமே சொல்றாங்க."

"நான் சொன்னேனா?"

செயலாளர் சிரித்தார். நோயாளியைப் பார்த்து டாக்டர் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "அடுத்த திங்கட்கிழமை மீட்டிங். அதுல தீர்மானம் போட்டுடலாம். நீங்க கவலைப்படாதீங்க" என்றார்.

ஏன் படியில் உட்கார்ந்தாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. கேட்காதவரிடம் போய்க் காரணம் சொல்லிக்கொண்டு நிற்பது அவளுக்கு ஆகாது. இது வறட்டுப் பிடிவாதம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிடிவாதத்தை வைத்துத்தான் அவள் இத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறாள். அதை இப்போது விடச் சொன்னால் எப்படி?

வீட்டுக்கு வந்தும் பொருமல் அடங்கவில்லை. வெளியூரில் நர்ஸாக இருக்கும் மகள் போனில், "உக்கார்ற வேலை தர்றாங்கன்னா சந்தோஷமா வாங்கிக்கோயேன்மா. அவனவன் அதுக்கு ஏங்குறான்" என்றாள்.

"ஏங்குறவனுக்குக் குடுக்கச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டாள்.

கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். மடியில் விரித்த துண்டில் பித்தளைத் தூள் மினுமினுத்தது. "எத்தனையோ பூட்டு பாத்துட்டேன். உன் வாய்க்கு ஒரு பூட்டு இன்னும் யாரும் செய்யல" என்றார்.

"நீங்களும் அந்த அறையில போய் உக்காருன்னுதான் சொல்றீங்களா?"

அவர் சாவியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உன்னால படி ஏற முடியுதா?"

"முடியுது."

"அப்புறம் என்ன? என்கிட்ட கத்தாத. கத்த வேண்டிய இடத்துல போய்க் கத்து."

மறுநாள் காலை தரைத்தளத்து அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. வருடா வருடம் ஒட்டுகிற தாள்தான். 'இலையுதிர்கால மலைநடை. ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பஸ் புறப்படும். நம் கட்டடத்தினர் அனைவரும் வரலாம்.' கீழே பெயர் எழுதக் கோடு போட்டிருந்தார்கள். ஊருக்கு வடக்கே இருக்கும் மலைக்குச் செயலாளர் தலைமையில் ஒன்பது வருடமாகப் போகிறார்கள். போய் வந்த திங்கட்கிழமை கட்டடம் முழுக்க நொண்டி நொண்டி நடக்கும். ஷூவில் ஒட்டி வந்த சேறு படி முழுக்கச் சிந்திக் கிடக்கும். அந்த மலையோடு படியம்மாவுக்கு இதுவரை இருந்த சம்பந்தம் அந்தச் சேறுதான்.

வாளியைக் கீழே வைத்தாள். தாளோடு கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை எடுத்து, பதினோராவது கோட்டில் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்ததும், இது யாருடைய பெயர் என்று அவளே ஒரு கணம் பார்த்தாள்.

செயலாளர் அன்று மாலையே படியில் வந்து அவளைப் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா, அது வந்து... குடியிருக்கிறவங்களுக்குப் போட்ட நோட்டீஸ்."

"அனைவரும்னு போட்டிருக்கே சார். அனைவரும்னா எந்த மாடி வரைக்கும்?"

"உங்க உடம்புக்காகச் சொல்றேன். அது செங்குத்தான மலை."

"என் உடம்பு என்கூடத்தானே வருது. நான் பாத்துக்கறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "வழியில ஒரு தகரக் கொட்டகை இருக்கு. முடியலன்னா அங்க உக்காந்துக்கலாம்" என்றார். முகம் இறுகிப்போன படியம்மா, கைப்பிடியை வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பதினோரு பேர். ஆளுக்கொரு புது ஷூ, முதுகில் பை, கையில் மடக்குத்தடி. செயலாளர் கையில் மட்டும் இரண்டு தடி. படியம்மா வேலைக்குப் போடும் அதே ரப்பர் ஷூவோடு வந்தாள். ரொட்டியும் அவித்த முட்டையும் ஒரு துணிப்பையில். பக்கத்து இருக்கையில் ஏழாவது மாடிக் கணக்கு டீச்சர். நாற்பது வயது இருக்கும். கட்டடத்தில் அவளை 'அக்கா' என்று கூப்பிடுகிற ஒரே ஆள். முன் இருக்கையில் இருந்து பல் டாக்டர் திரும்பி, "நெஞ்சு படபடப்பு ஏதாவது வந்தா உடனே சொல்லிடுங்கம்மா" என்றார்.

"வந்தா சொல்றேன் டாக்டர். பல்லுல வராதே?" என்றாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

மலையடிவாரத்தில் இறங்கியபோது நன்றாகக் குளிர்ந்தது. மரங்களில் பாதி இலை பழுத்து நின்றது, மீதிப் பாதி தரையில் கிடந்தது. பழக்க தோஷத்தில் படியம்மாவின் கை துடைப்பத்தைத் தேடியது. பாதை கல் படிகளாகத் தொடங்கியது. யாரோ எப்போதோ ஒழுங்கில்லாமல் போட்ட படிகள், ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது விரல் உயரம். 'கட்டினவன் ஏறிப் பார்த்திருக்க மாட்டான்' என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் படி படிதான். அவள் கால்களுக்கு அது போதும்.

முதல் அரை மணி நேரத்தில் புது ஷூக்கள் எல்லாம் முன்னால் பறந்தன. அடுத்த அரை மணியில் ஒவ்வொன்றாக வழியோரப் பாறைகளில் உட்கார ஆரம்பித்தன. படியம்மா வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. வாளியோடு ஏறும்போது எப்படி ஏறுவாளோ அப்படி ஏறினாள். தண்ணீர் தளும்பக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. டீச்சர் அவளுடைய அடியைப் பார்த்துப் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, உங்களுக்கு மூச்சே வாங்கலையே!"

"வாங்குது. சத்தமா வாங்கல."

டீச்சர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பிறகு, "ஒரு மாடி மூணு மீட்டர். பதினாலு மாடி நாப்பத்திரெண்டு. தினம் ரெண்டு தடவை, எம்பத்திநாலு" என்று முணுமுணுத்தாள். நின்றுவிட்டாள். "அக்கா, இந்த மலை அடியில இருந்து உச்சி வரைக்கும் ஆயிரம் மீட்டர்தான். பன்னெண்டு நாளைக்கு ஒரு தடவை நீங்க இதை ஏறிட்டிருக்கீங்க. இருபத்திரெண்டு வருஷமா!"

"அப்படியா?" என்றாள் படியம்மா. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. உடனே கோபமும் வந்தது. "அப்ப எனக்கு முடியலன்னு இவங்களுக்கு யாரு சொன்னது?"

"ஒன்பதாவது மாடியில தினமும் உக்காந்துடுறீங்களாமே."

"ஒன்பதாவதுல மட்டுமா? எல்லா மாடியிலயும்தான் உக்காருவேன். படி காயணும்ல?"

டீச்சருக்குப் புரியவில்லை. படியம்மா நடந்துகொண்டே சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஆறாவது மாடியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஈரப்படியில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இவளுக்குத் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு மாடி துடைத்தால், அது காய்கிற வரைக்கும் கீழ்ப்படியில் குறுக்கே உட்கார்ந்துகொள்வாள். யாராவது வந்தால் நிறுத்துவாள், வயதானவர் என்றால் கையைப் பிடித்து ஏற்றிவிடுவாள். நாலு நிமிடம் உட்காருவாள், காலையில் சீக்கிரம் எழுந்த கண் தானாக மூடும். ஒன்பதாவது மாடியில் ஜன்னல் சின்னது, காற்று வராது, காய எட்டு நிமிடம் ஆகும்.

"இதுதானா! இதை செயலாளர்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா!"

"அவர் கேக்கல. நாற்காலிதான் காட்டினாரு."

பதினோரு மணிக்குத் தகரக் கொட்டகை வந்தது. படியம்மாவும் டீச்சரும் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. முட்டையை உரித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். செயலாளர் கடைசியாக வந்தார், இரண்டு தடியும் அவரைத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி. அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம். "நல்லவேளை, உக்காந்துட்டீங்க" என்றார். டீச்சர் வாயைத் திறந்தாள். படியம்மா அவள் கையை அழுத்தினாள்.

கொட்டகைக்கு மேலே மேகம். பாதை இருபது அடி தெரிந்தது, அதற்குப் பிறகு வெள்ளைச் சுவர். பாறைப் படிகளும் ஓரத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடியும் அந்தச் சுவருக்குள் போய் மறைந்தன. செயலாளர் அதை ஒரு தடவை பார்த்தார். "வழக்கம் போலத்தான். சரி, எல்லாரும் வாங்க, போட்டோ எடுத்துக்கிட்டு இறங்கலாம்."

"மேல போகலையா?" என்று கேட்டாள் படியம்மா.

"மேல ஒண்ணும் இல்லம்மா. ஒன்பது வருஷமா பாக்கறோம். இந்த சீசன்ல இங்க இருந்து உச்சி வரைக்கும் வெறும் மேகம்தான்."

ஒன்பது வருடமாக இவர்கள் செய்தது இதுதான். மேகத்தின் வாசல் வரைக்கும் வருவார்கள், வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று சிரிப்பார்கள், இந்த மலையில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு திரும்புவார்கள். அந்த நொண்டல் எல்லாம் இதற்குத்தானா என்று படியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய்ப் பார்க்காமலே தீர்மானம் போடுகிறவர்கள்! தன்னையும் அப்படித்தானே பார்த்தார்கள் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், உச்சியில மேகம் இல்ல. வெயில் அடிக்குது."

"நீங்க எப்ப போய்ப் பாத்தீங்க?"

"தினமும் பாக்கறேன். மொட்டை மாடியில இருந்து. காலையில ஆறரை மணிக்கு நான் மேல போய்த் தண்ணி பிடிக்கிறப்ப இந்த மலை நேரா தெரியும். இந்த மாசத்துல மேகம் தோள் வரைக்கும்தான். தலை வெளியே இருக்கும். மத்தியானம் ஒரு மணிக்கு மேலதான் தலையையும் மூடும். அப்பத்தான் நீங்க எல்லாரும் எழுந்திருப்பீங்க. அதான் உங்களுக்குத் தெரியல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் தூரத்துல இருந்து பாக்கறப்ப அப்படித் தெரியும். ரிஸ்க் எடுக்க வேண்டாம். என் பொறுப்புல வந்திருக்கீங்க."

"நான் உங்க பொறுப்புல வரல சார். பஸ்லதான் வந்தேன்."

சொல்லிவிட்டுத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் எல்லோர் முன்னாலும் இந்த மனிதரிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. நாளைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவாரோ என்ற பயம் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. பயம் பாட்டுக்கு இருக்கட்டும் என்று குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மேகத்துக்குள் தன் முழங்கைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் ஈரம் பொடிப் பொடியாகப் படிந்தது. பாறைப் படிகள் நனைந்து வழுவழுத்தன. ஈரப்படியில் எப்படிக் கால் வைப்பது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குதிகாலை ஊன்றாமல், முன்பாதத்தைப் பரப்பி வைத்து, எடையை மெல்ல மாற்றி ஏறினாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

"யாரு?"

"நான்தான்க்கா. டீச்சர்."

"குதிகாலை ஊன்றாத. என் கால் வச்ச இடத்துல வை."

அவளுக்குப் பின்னால் இன்னொரு குரல், "நானும் இருக்கேம்மா, பல் டாக்டர்" என்றது. அதற்குப் பின்னால் இன்னும் சில இருமல்கள், ஒரு ஐயோ, ஒரு சிரிப்பு. வெள்ளைக்குள் யார் எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியவில்லை. படியம்மா சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினாள், பதினெட்டுக்கு ஒரு மாடி என்று. அவள் எண்ணுவதைக் கேட்டுக் கீழே இருப்பவர்களும் எண்ண ஆரம்பித்தார்கள். மூச்சு முட்டினாலும் அந்த வரிசையில் ஒருவர்கூட எண்ணிக்கையை விடவில்லை.

பதினாலாவது மாடி போயிற்று. இருபதாவது போயிற்று. முட்டி இரண்டும் வலித்தன, பொய் சொல்வானேன். இருபத்தாறாவது மாடியில் வெள்ளை மஞ்சளாகியது. இருபத்தேழில் தலைக்கு மேலே நீலம். இன்னும் நாலு படி ஏறியதும் மேகம் அவள் இடுப்பில் இருந்தது, பிறகு முழங்காலில், பிறகு காலுக்குக் கீழே.

வெயில் சுள்ளென்று அடித்தது. கைப்பிடி முடிகிற இடத்தில் ஒரு மொட்டைப் பாறை, அதில் காய்ந்துபோன புல், அவ்வளவுதான் உச்சி. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேகம் சமமாகப் பரந்து கிடந்தது. ஊர் அதற்கடியில் எங்கேயோ இருந்தது, கட்டடம், கேட், லிஃப்ட், மீட்டிங் எல்லாம் சேர்த்து. அத்தனை வருடம் குழாயடியில் நின்று பார்த்த தலை இதுதான். இப்போது அதன் உச்சந்தலையில் நிற்கிறாள்.

"அடேயப்பா! இவ்வளவு பெரிய தரையை யாரு துடைக்கிறது?" என்றாள்.

டீச்சர் சிரித்துச் சிரித்து அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். படியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் எதையும் காட்டுவதற்காக இல்லாமல், சும்மா இதைப் பார்ப்பதற்காகவே ஒருநாள் வந்திருக்கலாமே என்று நினைத்தாள். இத்தனை அழகான இடத்துக்கு ஒரு தீர்மானத்தை முதுகில் சுமந்துகொண்டு வர வைத்துவிட்டார்களே என்று வயிறு எரிந்தது.

கடைசியாகச் செயலாளர் வந்தார். ஒரு தடிதான் இருந்தது, இன்னொன்றை மேகத்துக்குள் எங்கேயோ விட்டிருந்தார். மூச்சு விசில் அடித்தது. ஒன்பது வருடமாகப் பார்க்காததை அவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டீச்சர் எழுந்து அவரிடம் போய், படி காய்கிற கதையைக் கடகடவென்று சொல்லிவிட்டாள். இந்தத் தடவை படியம்மா தடுக்கவில்லை. பல் டாக்டர் காதைச் சொறிந்துகொண்டு, "என் வீட்டம்மா போட்டோ எடுத்ததுதான் தப்பாப் போச்சு" என்றார்.

செயலாளர் அவளிடம் வந்தார். நல்ல மனிதர்தான், அதை மறைப்பானேன். "நான் தோத்துட்டேன்மா. அந்தத் தீர்மானம் வேண்டாம். படி உங்களுக்குத்தான்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

படியம்மா கை தட்டவில்லை. கைதட்டல் ஓயும்வரை பொறுத்தாள்.

"சார், வழியில என் கால் பிசகி நான் திரும்பிப் போயிருந்தா?"

"அது... அதான் பிசகலையே."

"பிசகியிருந்தா படி போயிருக்கும், இல்லையா? என் வேலையை நான் வச்சுக்கறதுக்கு மலை ஏறிக் காட்டணும். நீங்க செயலாளரா இருக்க எதை ஏறிக் காட்டினீங்க? கொட்டகையில இருந்து கடைசி ஆளா வந்தீங்க. உங்களை யாராவது இனிமே கேட் பக்கம் உக்காருங்கன்னு சொன்னாங்களா?"

படியம்மா துணிப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"எனக்கும் ஒருநாள் முடியாமப் போகும். அப்ப நானே வந்து சொல்வேன், எனக்கு வாய் இருக்கு. என்னைப் பத்தித் தீர்மானம் போடறதா இருந்தா என்னை உக்கார வச்சுக் கேட்டுட்டுப் போடுங்க. நான் மீட்டிங்குக்கு வரணும். நாளைக்கு மட்டுமில்ல, ஒவ்வொரு மீட்டிங்குக்கும்."

"வேலை பாக்கிறவங்க மீட்டிங்ல வர்ற வழக்கம் இல்லையேம்மா" என்றார் செயலாளர். குரல் வழக்கம் போலத் தணிவாகத்தான் இருந்தது. "இதை இங்க வேண்டாம். கீழ போய் நிதானமாப் பேசிக்கலாம்."

"கீழ போனா நீங்க செயலாளர், நான் படியம்மா. இங்க ரெண்டு பேரும் மூச்சு வாங்கிட்டு நிக்கிறோம். இங்கேயே பேசிடுங்க."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். கணக்கு டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். செயலாளர் பக்கம் பேச அங்கே ஆள் இல்லை. பிறகு அவர் மேகத்தைப் பார்த்தார். அதன் விளிம்பு கடைசிப் படிவரை வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கேயும் ஏறிவிடும். அவள் சொன்ன நேரம்தான்.

"நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மீட்டிங்" என்றார் மெதுவாக. "வாங்க."

"ஆறு மணிக்கு நான் பெருக்க ஏறுற நேரம்" என்றாள் படியம்மா. "ஏழு மணிக்கு வைங்க."

செயலாளர் பையிலிருந்து போனை எடுத்தார். அந்த உச்சியில் ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, கட்டடத்தின் குழுவுக்கு நேரத்தை மாற்றி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் படியம்மா கீழே இறங்க ஆரம்பித்தாள்.